கடைசியில் வருகிறவள்

பன்னிரண்டு வருடங்களாக கெய்னர் சக்கிட் எல்லோருக்கும் பின்னால்தான் சைக்கிள் ஓட்டி வருகிறாள். வேகமாக ஓட்டத் தெரியாமல் இல்லை. ஐம்பத்து நான்கு வயது. ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் தினம் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்து முறுக்கேறிய கைகள், கால்களும் அதற்குக் குறைந்தவை அல்ல. பின்னால் வருவது என்பது ஒரு வேலை. அந்த வேலையை உண்டாக்கியதே அவள்தான்.

அவளுடைய கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த காலை ஏழரை மணி பஸ்ஸை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் செங்குத்தான மேட்டில் அவள் இறங்காமல் மிதித்து ஏறுவதை, கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிரெண்டா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மேட்ல இறங்காம ஏறுறியே கண்ணு, சனிக்கிழமை எங்களோட மேலே வாயேன்" என்றாள். மேலே என்றால் ஊருக்குப் பின்னால் எழும்பி, மரமே இல்லாமல் ஹெதர் புதரும் கரிய சேறுமாக மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் மேட்டுவெளி.

அந்த முதல் சனிக்கிழமை கெய்னரின் சைக்கிள் சங்கிலி அறுந்தது. முன்னால் போன ஐந்து பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆலங்கட்டி மழையில் ஒன்றரை மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தபோது, அவர்கள் பப்பில் இரண்டாவது கோப்பை பீருக்குப் போயிருந்தார்கள். கெய்னர் கத்தவில்லை. சொட்டச் சொட்ட மேசை முன்னால் நின்று ஒவ்வொருவரையும் விரலால் சுட்டி எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கிளம்பறப்போ ஆறு பேர். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட எண்ணத் தெரியாதா?"

அடுத்த சனிக்கிழமையே விதி வந்துவிட்டது. வழி திரும்புகிற இடத்தில் எல்லாம், முன்னால் போகிற பிரெண்டாவுக்கு அடுத்து வருகிறவர் இறங்கி நிற்க வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டித் திருப்பிவிட வேண்டும். கடைசி ஆள் தாண்டிய பிறகுதான் அவர் இடத்தை விட்டு நகரலாம். யாரும் நிற்கவில்லை என்றால் அங்கே திருப்பம் இல்லை, நேரே போ என்று அர்த்தம். கடைசி ஆளை மூடுபனியிலும் தெரிந்துகொள்ள ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஒரு மேல்சட்டை. அதை கெய்னர் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் யாரும் தொலையவில்லை. குழுவில் அவளுக்கு 'வால்' என்றே பெயராகிவிட்டது.

இந்த அக்டோபர் சனிக்கிழமை ஆறு பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் நெவில் ஹார்க்கர். முப்பத்தைந்து வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. மே மாதம் அவருடைய இருதயக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து இன்றுதான் மறுபடி சைக்கிளில் ஏறுகிறார். டாக்டர் மெதுவாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி ஐரீன் இன்னும் சொல்லவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் ஐரீன் கெய்னரைத் தனியாகக் கூப்பிட்டாள். சுண்டுவிரல் அளவு சின்ன சிவப்பு ஸ்ப்ரே குப்பி ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில ரெண்டு தடவ அடிக்கணும். அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஆனா எடுத்துட்டு வரமாட்டார். கிழவன் மாதிரி இருக்காம்."

"நான் அவருக்குப் பின்னாடிதானே வரேன் ஐரீன்."

"அவர் 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா நம்பாத. நடந்தே வீட்டுக்கு வரணும் அவர். எனக்கு அது போதும்."

"கூட்டிட்டு வந்து உன் கையில ஒப்படைக்கிறேன்."

தூரத்திலிருந்து நெவில் கத்தினார்: "பாருங்கப்பா, என் பொண்டாட்டி என்னை இன்னொருத்திகிட்ட எழுதிக் குடுக்குறா!"

கெய்னர் குப்பியை ஆரஞ்சுச் சட்டையின் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

முதல் இரண்டு மணி நேரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெவில் ஏற்றங்களில் இறங்கித் தள்ளினார், அதற்கு வெட்கப்படவும் இல்லை. இரண்டாவது வேலிக் கேட்டருகே டீ குடிக்க நின்றபோதுதான் மூடுபனி இறங்கத் தொடங்கியது. கூட்டத்துக்குப் புதியவளான டெஸ்ஸா, பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண், ஒரு மெல்லிய பனியனோடு வந்திருந்தாள். அவள் பற்கள் அடித்துக்கொண்டன. உதடு நீலம் பாரித்துவிட்டது.

"அக்டோபர்ல இதைப் போட்டுட்டு வர்றவ பல்லைப் பத்தி எனக்கு ஆலோசனை சொல்லக் கூடாது" என்றான் மால்கம். அவன் எலக்ட்ரீஷியன், முப்பத்தெட்டு வயது, குழுவில் பிரெண்டாவுக்கு அடுத்து எப்போதும் வருகிறவன்.

"சூடாத்தான் இருந்துச்சு, கீழே" என்றாள் டெஸ்ஸா.

"கீழே எப்பவும் சூடாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரெண்டா கிளம்பினாள், மால்கம் அவள் பின்னால் போனான், மற்றொருவரும் போய்விட்டார். டெஸ்ஸாவின் கை பிரேக்கைப் பிடிக்க முடியாமல் நடுங்குவதை கெய்னர் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றிவிட்டாள். பள்ளியில் ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகளுக்குச் செய்கிற காரியம் அது.

"காத்து உள்ளே போகாது. வேகமா மிதி, சூடு பிடிச்சுக்கும். போ போ."

டெஸ்ஸா சரிவில் பறந்தாள். பனி அவளை விழுங்கிவிட்டது. கெய்னர் கேட்டை மூடிக் கொக்கியை மாட்டிவிட்டு, நெவிலுக்குப் பின்னால் மெதுவாக இறங்கினாள்.

பத்து நிமிடத்தில் பழைய எல்லைக்கல் வந்தது. அங்கே ஒரு தடம் வலப்பக்கம் பிரிகிறது, இன்னொன்று நேரே போகிறது. கல்லருகே யாரும் இல்லை.

நெவில் வேகம் குறைத்தார். "வலது பக்கம்தான்னு நினைச்சேன்."

கெய்னரும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் பிரெண்டா புது வழி ஒன்றைப் பற்றி வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். தவிர, விதி விதிதான். "ஆள் நிக்கல. நேரே போ."

நேரே போனார்கள். தடம் குறுகியது, பிறகு கரிய சேறாக மாறியது. ஓட்ட முடியாமல் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, புதர் மேடுகளில் காலை வைத்துத் தாண்டினார்கள். பிறகு மீண்டும் கொஞ்சம் மிதித்தார்கள். அரை மணி நேரம் அப்படியே போனது. பனி இப்போது இருபதடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. ஒரு சேற்றுத் திட்டைக் கடக்கும்போது கெய்னர் குனிந்து பார்த்தாள். சேறு வழவழவென்று இருந்தது. நான்கு சைக்கிள் முன்னால் போயிருந்தால் உழுதுபோட்ட வயல்போல இருந்திருக்க வேண்டும். ஒரு டயர் கோடுகூட இல்லை.

அவள் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கறுப்பு ஸ்வெட்டர்.

மால்கம் எல்லைக்கல்லில் நின்றிருப்பான். பனிக்குள் ஆரஞ்சு நிறம் தாண்டிப் போனதைப் பார்த்திருப்பான். வால் போய்விட்டது என்று சைக்கிளில் ஏறியிருப்பான். அவன் செய்தது சரி. விதிப்படி அப்படித்தான் செய்ய வேண்டும்.

"நெவில், நில்லு. தப்பான வழி இது. திரும்பணும்."

சில அடிகள் முன்னால், நெவில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தையை நம்பாதே என்றுதான் ஐரீன் சொல்லியிருந்தாள். கிட்டே போய் அவர் முகத்தைப் பார்த்தாள். மெழுகு நிறம். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது, இந்தக் குளிரில்.

"எங்க வலிக்குது? பொய் சொன்னா, ஐரீன்கிட்ட சொல்லிடுவேன்."

"வலியில்ல... ஆடு ஒண்ணு நெஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கு. பெரிய ஆடு இல்ல."

"மருந்து?"

"கார்ல."

"கார்லயா!"

"கத்தாத. உன்கிட்ட இருக்கே. அவ குடுத்தத நான் பாத்தேனே."

கெய்னர் வாயைத் திறந்தாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "சட்டையில வச்சேன். சட்டை டெஸ்ஸாகிட்ட."

நெவில் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்க முயன்றார், அது பாதியில் நின்றுவிட்டது. "நல்ல பொண்ணு அது. குளிராம இருக்கட்டும்" என்றார்.

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. காற்று வடக்கிலிருந்து வந்தது. முதலில் இவரை அதிலிருந்து மறைக்க வேண்டும் என்று அவள் சுற்றிலும் துழாவியபோது பனிக்குள் சதுரமாக ஏதோ தெரிந்தது. இடுப்பளவு கல்லை அடுக்கி, மேலே புல்தரை போர்த்திய மறைப்பு. ஆகஸ்ட் மாதத்தில் வேட்டைக்கு வருகிறவர்கள் உள்ளே மறைந்து நின்று காட்டுக்கோழிகளைச் சுடும் இடம். அதில் வெள்ளைப் பெயின்டில் '9' என்று எழுதியிருந்தது.

அவரைத் தோளில் சாய்த்து அந்த இருபதடியைக் கடக்க ஐந்து நிமிடம் பிடித்தது. சுவரோரமாக உட்காரவைத்து, முழங்காலை மடக்கி, முதுகுப்பையில் இருந்த தன் மழைச்சட்டையால் போர்த்தினாள். விசிலை எடுத்து ஆறு முறை ஊதினாள். ஒரு நிமிடம் காத்திருந்தாள். மறுபடி ஆறு. இந்த மேட்டில் உதவி கேட்கும் வழி அது. கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் தர வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். காற்று மட்டும்தான் கேட்டது.

எண்ணைப் பார்த்தாள். ஒன்பது.

பதினைந்து, பதினாறு வயதில் இரண்டு கோடைக்காலம் கெய்னர் இந்த மேட்டில்தான் கொடி பிடித்து, ஹெதருக்குள் வரிசையாக நடந்து, கோழிகளைத் துப்பாக்கிகளை நோக்கிக் கிளப்பிவிடும் வேலை செய்தாள். மறைப்புகள் ஒரே கோட்டில் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐம்பது தப்படி. நடக்கச் சோம்பல்பட்ட கனவான்களுக்காக ஜீப் தடம் முதலாம் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்து முடியும். அந்தத் தடம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஓடுகிறது. அங்கே போன் எடுக்கும்.

எண்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் போதும். ஆனால் இவரால் நடக்க முடியாது. நடக்கவும் கூடாது. அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு வருடத்தில் ஒருவரையும் பின்னால் விட்டுவிட்டு அவள் முன்னால் போனதில்லை.

"என்ன யோசிக்கிற?" என்றார் நெவில், கண்ணைத் திறக்காமல்.

"உன்னை விட்டுட்டுப் போகணும்."

"போ. தபால்காரனுக்குத் தனியா இருந்து பழக்கம்."

"விசிலை வச்சுக்க. ஆறு தடவ, மெதுவா, மூச்சு வாங்காம ஊது. முடியலன்னா ஒண்ணு ஊது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தரம். சத்தம் நின்னா நான் திரும்பி ஓடி வந்துடுவேன்."

"ஐரீன் மாதிரியே பேசற."

எட்டாவது மறைப்பு சுலபமாகக் கிடைத்தது. பின்னால் விசில் கேட்டது. ஏழு. விசில். ஆறாவதைத் தவறவிட்டு, ஐம்பது தப்படிக்குப் பதில் எண்பது போய்விட்டாள். திரும்பி வந்து, கையை முன்னால் நீட்டிக் குருடிபோலத் தடவி, கல் விரலில் பட்டபோது அழுகை வந்தது. விசில், இப்போது மெல்லியதாக. ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே சேற்றில் தொடைவரை இறங்கினாள். ஹெதர் வேரைப் பிடித்து ஏறினாள். ஒரு ஷூ உள்ளேயே போய்விட்டது, அதைத் தேடவில்லை. மூன்று. விசில். ஆறு சத்தம் இல்லை, மூன்றுதான். பிறகு இரண்டாம் எண்ணில் ஒரே ஒரு சத்தம், காற்றில் கரைந்து வந்தது.

முதலாம் மறைப்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. விசில் கேட்கவில்லை.

தூரமாக இருக்கலாம். காற்று திசை மாறியிருக்கலாம். அல்லது அவர் கையிலிருந்து விசில் நழுவியிருக்கலாம். மூன்று நிமிடம். உடம்பு தானாகவே மேல்பக்கம் திரும்பியது. நின்றால் திரும்பி வருவேன் என்று அவளேதான் சொன்னாள். திரும்பிப் போனால் அவர் பக்கத்தில் இருக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். அதைத் தவிர அவளால் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

ஐரீன் என்ன கேட்டாள்? பக்கத்தில் இரு என்றா கேட்டாள்?

கெய்னர் கீழ்ப்பக்கம் ஓடினாள். ஒற்றை ஷூவோடு, ஒரு காலில் வெறும் காலுறையோடு, சரளைக்கல் தடம் காலுக்குக் கீழே கிடைக்கும்வரை ஓடினாள். தடத்தின் முதல் வளைவில் போனில் ஒரு கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. அவசர எண்ணை அழுத்தினாள். மலை மீட்புக் குழு வேண்டும் என்றாள். பெயர், வயது, ஸ்டென்ட், நெஞ்சில் பாரம், வேட்டை மறைப்பு வரிசை, ஒன்பதாம் எண், ஜீப் தடம் வழியாக வாருங்கள். சமையலறையில் எத்தனை சாப்பாடு என்று சொல்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண் "அவர் இப்போ நினைவோட இருக்காரா?" என்று கேட்டபோதுதான் குரல் உடைந்தது.

"தெரியல. அவரை விட்டுட்டு வந்துட்டேன்."

திரும்பி ஏறியது அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஏறுமுகமாக வந்தன. ஏழாவதைத் தாண்டும்போது பேச்சுக்குரல் கேட்டது. பெண் குரல். பிறகு யாரோ இருமுகிற சத்தம்.

ஒன்பதாம் மறைப்புக்குள் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டெஸ்ஸா நெவிலைப் பின்னாலிருந்து தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மால்கம் மண்டியிட்டு அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நெவில் கண் விழித்திருந்தார். முகம் வெளுத்துத்தான் இருந்தது, மெழுகு நிறம் போயிருந்தது.

"ரெண்டு தடவ அடிச்சோம். அஞ்சு நிமிஷத்துல ஆடு இறங்கிடுச்சாம்" என்றாள் டெஸ்ஸா. "மூக்கு சிந்தக் கைக்குட்டை இருக்குமான்னு பைக்குள்ள கைய விட்டேன். இந்தக் குப்பி வந்துச்சு. இது யாருதுன்னு மால்கம்கிட்ட கேட்டேன். நெவிலோடதுன்னதும் திரும்பிட்டோம்."

மால்கம் கெய்னரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நிறத்தைத்தான் பாத்தேன். முகத்தைப் பாக்கல. கல்லுக்குத் திரும்பி வந்தப்பதான் இந்தப் பக்கம் ரெண்டு சைக்கிள் தடம் தெரிஞ்சுது. அப்புறம் விசில். மூணு தடவ பதில் ஊதினேன்."

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு" என்றார் நெவில். "அதான் நிறுத்தினேன். மிச்ச மூச்சை வேற எதுக்காவது வச்சுக்கலாம்னு." பிறகு கெய்னரைக் கேட்டார்: "நின்னா திரும்பி வருவேன்னியே?"

"வரல" என்றாள் கெய்னர். "கேட்டுச்சு, நின்னது கேட்டுச்சு. வரல."

நெவில் தலையை ஆட்டினார்.

மீட்புக் குழுவின் வண்டி நாற்பது நிமிடத்தில் வந்தது. நெவில் நடந்து இறங்குவேன் என்று அடம்பிடித்தார். அவரைவிட இரண்டு மடங்கு உருவமுள்ள ஒரு பெண் "சரி தாத்தா, நாளைக்கு நடங்க" என்று சொல்லித் தூக்குப்படுக்கையில் கட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஐரீன் உட்கார்ந்திருந்தாள். ஆபத்தில்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறோம் என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். கெய்னர் அவளுக்கு முன்னால் போய் நின்றாள். காலில் மால்கமின் வண்டியிலிருந்து எடுத்த, அளவு பொருந்தாத ரப்பர் பூட்ஸ். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவற்றில் ஒன்றும் இப்போது உதவவில்லை.

"நீ குடுத்த மருந்தை நான் வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன், ஐரீன். தெரியாமத்தான். ஆனா குடுத்துட்டேன். அவருக்கு வலி வந்தப்போ என்கிட்ட இல்ல. அப்புறம் அவரைத் தனியா விட்டுட்டுப் போனேன். விசில் நின்னப்புறமும் திரும்பல."

ஐரீன் அவளையே பார்த்தாள்.

"மால்கம் இதையெல்லாம் வேற மாதிரி சொன்னான்."

"அவன் நல்லவன்."

"உக்காரு" என்றாள் ஐரீன். கெய்னர் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "இன்னிக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எனக்குத் தெம்பில்ல. நாளைக்குச் சொல்வேன்."

"சரி."

"போன்ல சொல்வேன். எடுக்கணும் நீ."

"எடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. ஐரீன் இருபத்தைந்து நிமிடம் பேசினாள். நடுவில் இரண்டு முறை அழுதாள், ஒரு முறை கெட்ட வார்த்தையில் திட்டினாள், வாழ்நாளில் அவள் வாயில் யாரும் கேட்டிராத வார்த்தை. கெய்னர் சமையல் மேசையில் முழங்கையை ஊன்றி எல்லாவற்றையும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கடைசியில் ஐரீன் மூக்கைச் சிந்திவிட்டு, செவ்வாய்க்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கார் ஓட்ட எனக்குக் கை நடுங்குகிறது, நீ வந்து கூட்டிப் போவாயா என்று கேட்டாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் கெய்னர்.